சட்டி கழுவுகிறவள் எங்கே?
கொரிய வரலாற்றுத் தொடர்களும் 'வரலாற்றுப் பிழை' என்கிற புகாரும்

1

'தே ஜாங் கும்' தொடரை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். 54 பகுதிகள். ஒரு தொலைக்காட்சித் தொடரை மூன்று முறை பார்த்தேன் என்று இந்தப் பக்கங்களில் ஒப்புக்கொள்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ரசித்ததை மறைத்துக்கொண்டு விமர்சனம் எழுதுவதைவிட இது மேல்.

மூன்றாவது முறை பார்த்தபோது அத்தை கூட இருந்தாள். அத்தை ஒரு மாணவர் விடுதியில் இருபது வருஷத்துக்கும் மேல் சமையலாளாக இருந்தவள். மொழி தெரியாது, கீழே ஓடுகிற எழுத்தும் படிக்க மாட்டாள். நான் இடையிடையே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அரண்மனைச் சமையற்கட்டு. அரசனின் மேசைக்குப் பன்னிரண்டு வகைப் பதார்த்தம். வெண்கலக் கிண்ணம், பீங்கான் தட்டு, மண்பானை வரிசை. இளம்பெண்கள் நெற்றி வியர்க்காமல் அரிந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை கேட்டாள்: "ஏய்யா, இம்புட்டுச் சட்டியையும் எவ கழுவுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று முறை பார்த்தும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் மற்ற கேள்விகள் வந்திருந்தன. அந்தக் காலத்தில் அரண்மனைச் சமையல் பெண்கள் கையில் இருந்ததா? அந்த உடையின் நிறம் சரிதானா? அரசன் மேசையில் அந்த மிளகாய் எப்படி வந்தது? (மிளகாய் கொரியாவுக்குப் போனது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் என்பது பரவலான கருத்து, கதை நடப்பதோ அந்த நூற்றாண்டின் முற்பாதியில்.) இப்படித் துருவிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பிழை கண்டுபிடித்தவன் தொடரை எடுத்தவனைவிட அறிவாளி ஆகிவிடுகிறான். ஆசியத் தொடர்களின் ரசிகர் கூட்டத்தில் 'வரலாற்றுத் துல்லியம்' என்கிற பேச்சு பெரும்பாலும் இந்தச் சுகத்திலிருந்து பிறந்து, தேசத்தின் மானம் என்கிற இடத்தில் போய் முடிகிறது. நடுவில் அத்தையின் கேள்வி விழுந்துபோகிறது.

அது எப்படி விழுந்துபோகிறது, யாருக்கு வசதியாக விழுந்துபோகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் ஜாங் கும்மையே எடுத்துக்கொள்வோம். எம்பிசி தொலைக்காட்சியில் 2003 செப்டம்பரிலிருந்து 2004 மார்ச் வரை வந்த தொடர். இயக்கம் லீ பியோங் ஹூன், எழுத்து கிம் யோங் ஹியோன். ஜாங் கும் கற்பனைப் பாத்திரம் இல்லை. ஜோசன் அரச வம்சத்தின் அதிகாரபூர்வ ஆண்டுக் குறிப்புகளில், அதாவது 'சில்லோக்'கில், ஜுங்ஜோங் அரசனின் காலத்தில் அந்தப் பெயரில் ஒரு பெண் மருத்துவர் வருகிறார். வருகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1515இல் அரசி குழந்தை பெற்று இறந்துபோகிறாள். வைத்தியம் பார்த்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி அதிகாரிகள் நச்சரிக்கிறார்கள். ஜாங் கும் பெயரும் அதில் அடிபடுகிறது. 1544இல் அரசன் சாகக் கிடக்கிறான். தன் உடம்பின் நிலை அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்கிறான். இடையில் அரிசி, பருப்பு பரிசு கொடுத்த விவரம். அவ்வளவுதான். எங்கே பிறந்தாள், யார் பெற்றாள், எப்போது செத்தாள் - ஒன்றும் கிடையாது. அவள் சமையற்காரியாக இருந்தாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் தொடரின் முதல் பாதி, சமையற்கட்டு முழுக்கவும், கற்பனை. போதாததற்கு ஜோசன் அரண்மனையில் சமைத்தவர்களில் பெரும்பகுதி 'சுக்சு' எனப்பட்ட ஆண்கள் என்பதைப் பழைய ஓவியங்களையும் சட்டநூலையும் வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "பார்த்தாயா, பொய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். பலர் அப்படித்தான் போனார்கள்.

நான் போக மாட்டேன். சில வரிகளிலிருந்து 54 பகுதிகள் செய்தது குற்றமில்லை. அந்த வரிகளுக்கு வெளியே இருந்த மௌனம் இயற்கையாக விழுந்த மௌனம் அல்ல. அரசனைப் பற்றி நாள்தோறும் எழுதியவர்களுக்கு, அரசனின் நாடியைப் பிடித்தவளைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. பெண் மருத்துவர் அமைப்பு 1406இல் தேஜோங் அரசனின் காலத்தில் ஏற்பட்டது. உயர்குடிப் பெண்கள் ஆண் வைத்தியன் தொட்டுவிடக் கூடாதென்று வைத்தியம் பார்க்காமலே சாகிறார்கள். அதற்காகப் பெண்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றார்கள். யாரைப் பயிற்றுவிப்பது? அரசாங்க அடிமைகளின் சிறுமிகளை. அந்நியர் உடம்பைத் தொடுகிற வேலை, ஆகவே தாழ்ந்த வேலை, ஆகவே தாழ்ந்தவள் செய்யட்டும். பிற்பாடு யோன்சன் அரசன் இதே பெண் மருத்துவர்களை விருந்துகளில் ஆட்டக்காரிகளோடு உட்கார வைத்தான்.

தொடர் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாங் கும் ஜேஜு தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறாள். அங்கிருந்துதான் மருத்துவம் கற்று அரண்மனைக்குத் திரும்புகிறாள். ஆனால் கதையாடல் எந்தப் பக்கம் இழுக்கிறது? அவள் கெட்டிக்காரி, நேர்மையானவள், அதனால் மேலே வருகிறாள். அவளோடு ஜேஜுவுக்குப் போன மற்ற அடிமைகள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரிகள் இல்லை போலிருக்கிறது! ஆக மிளகாய் பிழை, சமையற்கட்டு கற்பனை என்பதெல்லாம் சில்லறை. 'திறமை இருந்தால் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்துவிடலாம்' என்கிற பெரிய பிழையைப் பற்றி ஒரு புகாரும் என் கண்ணில் படவில்லை.

3

புகார்கள் எதற்கு வருகின்றன என்று பாருங்கள்.

2021 மார்ச் 22, 23 தேதிகளில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' என்கிற தொடரின் இரண்டு பகுதிகள் வந்தன. தேஜோங் அரசனும் அவன் பிள்ளைகளும் பேயுருக்களோடு சண்டையிடும் கதை. 26ஆம் தேதி தொடரையே நிறுத்திவிட்டார்கள். படப்பிடிப்பு பெரும்பகுதி முடிந்திருந்தது. காரணம்? பிற்காலத்தில் மாமன்னன் செஜோங் ஆகப்போகிற இளவரசன் ஒரு மேற்கத்தியப் பாதிரியாருக்கு விருந்து வைக்கிற காட்சியில் மேசைமீது சீன நிலாப் பலகாரமும் பதப்படுத்திய கருப்பு முட்டையும் இருந்தன. போதாததற்கு அரசன் மனப்பிரமையில் குடிமக்களை வெட்டுகிறான். ரசிகர்கள் கொதித்தார்கள், விளம்பரக் கம்பெனிகள் விலகின, ஜோஞ்ஜு யி அரச குலத்தார் சங்கம் முன்னோரை இழிவுபடுத்தியதாகக் கண்டனம் செய்தது.

இந்தக் கோபத்தை வெறும் அசட்டுத்தனம் என்று ஒதுக்க நான் தயாரில்லை. 1910லிருந்து 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்த தேசம் அது. ஆண்டவனே அந்தத் தேசத்துக்கு வரலாறும் எழுதிக் கொடுத்தான். ஜோசனின் கடைசி இரண்டு அரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் ஜப்பானிய ஆட்சியின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டவை என்பதால் கொரியர்கள் அவற்றைச் சில்லோக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு 2002இல் சீனா 'வடகிழக்குத் திட்டம்' என்ற பெயரில் கோகுர்யோ அரசைச் சீன வரலாற்றின் ஒரு பகுதியாகச் சொல்லத் தொடங்கியது. 2006இல் கோகுர்யோவை நிறுவியவனைப் பற்றிய 'ஜுமோங்' தொடருக்குக் கொரியாவில் கிடைத்த வரவேற்பை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கிம்ச்சி யாருடையது, ஹன்போக் உடை யாருடையது என்ற சச்சரவு 2020 கடைசியில் மூண்டிருந்தது. அந்தச் சூட்டில்தான் நிலாப் பலகாரம் மேசைக்கு வந்தது. பெரிய அண்டைநாட்டுக்கு முன்னால் சின்ன தேசம் தன் தட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஆனால் அந்த நியாயத்தின் முதுகில் ஏறிக்கொண்டு யார் வருகிறார்கள்? குலத்தார் சங்கம். தேஜோங்கின் மானத்தைக் காப்பாற்ற வருகிறார்கள். அந்தத் தேஜோங் யார்? 1398இல் அரியணைக்காகத் தன் மாற்றாந்தாய் மகன்கள் இருவரைக் கொல்லக் காரணமானவன். அவனைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. 1404இல் வேட்டைக்குப் போனவன் குதிரையிலிருந்து விழுந்துவிட்டான். எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, வரலாற்றுக் குறிப்பாளனுக்கு இது தெரியக் கூடாது என்று சொன்னான். குறிப்பாளன் அரசன் விழுந்ததை எழுதினான். தனக்குத் தெரியக் கூடாது என்று அரசன் சொன்னதையும் எழுதினான். சில்லோக்கின் பெருமை என்று எல்லோரும் எடுத்துக்காட்டுகிற இடம் இது. 25 அரசர்கள், 472 வருஷம், 1,893 தொகுதிகள். 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். தன் தகப்பனைப் பற்றிய குறிப்பைப் படிக்க 1431இல் செஜோங் ஆசைப்பட்டபோது மந்திரிகள் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

ஆக, 600 வருஷத்துக்கு முந்திய குறிப்பாளனுக்கு இருந்த துணிச்சல்கூட 2021இல் விளம்பரக் கம்பெனிகளுக்கு இல்லை. அரசன் குதிரையிலிருந்து விழலாம் என்று சில்லோக் சொல்கிறது. விழக் கூடாது என்று சந்தை சொல்கிறது. 'துல்லியம்' என்ற சொல் இங்கே உண்மையைக் காக்கவில்லை, பட்டா நிலத்தைக் காக்கிறது. இது எங்கள் முன்னோர், இது எங்கள் பலகாரம், அத்துமீறி உள்ளே வராதே.

'மிஸ்டர் குயின்' (2020-21) தொடரில் ஒரு பாத்திரம் சில்லோக்கை வம்புப் பத்திரிகை என்று கேலி செய்தது. அதற்கும் புகார். பூங்யாங் ஜோ குலத்தாரும் தங்கள் குலத்து அரசியைக் கேவலமாகக் காட்டியதாகக் கோபப்பட்டார்கள். சரி, குலம் உள்ளவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, புகார் எழுத ஆள் இருக்கிறது. குலப்பெயரே இல்லாமல் இருந்தவர்களுக்கு? ஜோசனின் அடிமைகளுக்கு, 'நோபி'களுக்கு, பெரும்பாலும் குலப்பெயர் கிடையாது. அவர்களுடைய வாரிசுகள் இன்று யாரென்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்குவரை அடிமைகளாக இருந்த காலங்கள் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களைத் தப்பாகக் காட்டினால் எந்தச் சங்கம் கண்டனம் செய்யும்?

சீனாவிலும் இதன் வேறொரு வடிவம் நடந்தது. 2018இல் 'யான்ஷி அரண்மனையின் கதை' வந்து சக்கைப்போடு போட்டது. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நகரின் கட்சிப் பத்திரிகை அரண்மனைத் தொடர்களின் தீமைகளைப் பட்டியல் போட்டது. தொலைக்காட்சிகள் மறுஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன. பட்டியலில் என்ன? ஆடம்பர மோகம், சூழ்ச்சி, அரசர்களைப் புகழ்ந்து இன்றைய நாயகர்களை மறப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரண்மனையில் சேவகம் செய்த பெண்ணின் வாழ்வைச் சரியாகக் காட்டு என்று அந்தப் பட்டியலும் கேட்கவில்லை. அரசனின் மகிமையை எடுத்துவிட்டு அரசின் மகிமையை வை என்பதுதான் அதன் சாரம்.

4

"எல்லாமே கதையாடல்தான், சில்லோக்கும் ஒரு பிரதி, தொடரும் ஒரு பிரதி, அப்புறம் என்ன பிழை?" என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தில் எனக்கும் ஒரு காலத்தில் மயக்கம் இருந்தது. சில்லோக் ஒரு பிரதி என்பதில் சந்தேகமில்லை. சொன்ஜோ அரசனுக்கு இரண்டு ஆண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. முதலாவது 1616இல் முடிந்தது. 1623இல் ஆட்சி கவிழ்ந்து எதிர்க்கோஷ்டி வந்ததும், அது தப்பு என்று சொல்லி 'திருத்திய' ஒன்றைத் தொகுக்கத் தொடங்கி 1657இல் முடித்தார்கள். தொகுத்து முடிந்ததும் வரைவுத் தாள்களை ஓடையில் கழுவி மையை நீக்கிவிடுவது வழக்கம். கழுவப்பட்ட தாளில் என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இதிலிருந்து 'பிழை என்று ஒன்றுமே இல்லை' என்ற முடிவுக்குத் தாவினால் அது அதிகாரத்துக்குச் செய்கிற உபகாரம். 'ஸ்னோடிராப்' என்ற தொடரைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஜேடிபிசியில் தொடங்கியது. கதை 1987இல் நடக்கிறது. ரத்தக் காயத்தோடு மகளிர் விடுதிக்குள் ஓடிவருகிற இளைஞனை ஜனநாயகப் போராளி என்று நினைத்துப் பெண்கள் ஒளித்துவைக்கிறார்கள். அவன் உண்மையில் வடகொரிய ஒற்றன். அவனைத் துரத்துகிற உளவுத்துறைக்காரன் கடமை தவறாத நல்லவன். காதல், பனி, பாட்டு எல்லாம் உண்டு.

1987 என்பது என்ன வருஷம்? அந்த ஜனவரி 14ஆம் தேதி பாக் ஜோங் சோல் என்கிற மாணவன் சோலில் போலீஸ் விசாரணைக் கூடத்தில் சித்திரவதையில் செத்தான். அந்தச் சாவு மூட்டிய தீதான் ஜூன் மாதப் பேரெழுச்சி. ஆண்டுக்கணக்காக மாணவர்களையும் தொழிலாளர்களையும் 'வடக்கின் ஒற்றர்' என்று சொல்லித்தான் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். அந்தப் பொய்க் குற்றச்சாட்டையே ஒரு தொடர் தன் கதைக்கருவாக எடுத்துக்கொண்டு, 'ஆமாம், அந்தப் பையன் ஒற்றன்தான்' என்று சொன்னால்? இது வெறும் கற்பனை என்று முன்னால் ஒரு அட்டை போட்டால் தீர்ந்துவிடுமா? தடை கேட்டவர்களின் மனுவை நீதிமன்றம் தள்ளிவிட்டது. தொடர் முடியும்வரை ஓடியது. தடை செய்திருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தடையைக் கையில் கொடுத்தால் நாளைக்கு அதை யார் யார்மேல் பிரயோகிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் புகார் நியாயமானது. நிலாப் பலகாரப் புகாரும் இதுவும் ஒரே பெயரில், 'வரலாற்றுத் திரிபு' என்ற பெயரில், ஒன்பது மாத இடைவெளியில் வந்தன. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் மோசடி. ஒன்றில் செத்துப்போன அரசனின் கௌரவம் இருக்கிறது. இன்னொன்றில் அடிபட்டவர்களின் உடம்பு இருக்கிறது. அவர்களில் பலர் உயிரோடு இருந்து அந்தத் தொடரைத் தங்கள் வீட்டுக் கூடத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1995இல் எஸ்பிஎஸ்ஸில் வந்த 'மணற்கடிகை' தொடர் 1980 மே மாத குவாங்ஜு படுகொலையை எல்லோர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. கற்பனைப் பாத்திரங்களுக்கு நடுவே அசல் படச்சுருள்களைச் சேர்த்தார்கள். அது ஓடுகிற நேரத்தில் தெருக்கள் காலியாகும் என்று சொல்வார்கள். அப்போது அந்தப் படுகொலைக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. சுன் டூ ஹ்வானும் ரோ டே வூவும் அந்த வருஷக் கடைசியில்தான் கைதானார்கள். அந்தத் தொடரில் காதலும் சூதாட்டமும் அடிதடியும் தாராளமாக உண்டு, துல்லியத்தில் ஓட்டைகளும் இருக்கும். ஆனால் எது நடக்கவில்லை என்று அரசு வருஷக்கணக்காகச் சாதித்ததோ அது நடந்தது என்று சொன்னது.

5

அப்படியானால் அடிமைகளைத் தொடர்கள் காட்டவே இல்லையா? காட்டின. நல்ல முயற்சிகளும் உண்டு. அவற்றைப் பார்வையாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

2010இல் கேபிஎஸ்ஸில் 'சுனோ' வந்தது. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவனின் கதை. பிடிபட்டவர்களின் முகத்தில் எழுத்துக் குத்துகிறார்கள். ஒரு கோஷ்டி அடிமைகள் துப்பாக்கி எடுத்துப் பிரபுக்களைச் சுடுகிறார்கள். கொரிய வரலாற்றுத் தொடர் அரண்மனையைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்த அபூர்வமான தருணம் அது. பார்வையாளர்கள் பிடித்துக்கொண்ட புகார் என்ன தெரியுமா? நாயகியின் முகம். முன்பு அடிமையாக இருந்த ஒன்யோன் எவ்வளவு ஓடினாலும் புழுதியில் புரண்டாலும் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது! சிரிப்பான, சரியான புகார்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏன் பளிச்சென்று இருக்கிறது? அவள் அடிமை முகத்தைக் கழற்றிவிட்டு உயர்குடிப் பெண்ணாக வேஷம் போட்ட பிறகுதான் காமிரா அவளைக் காதலிக்கத் தொடங்குகிறது. அழுக்கு முகத்தைக் காதலிக்க அதற்குப் பழக்கமில்லை. நமக்கும்தான்.

'தோங் யி'யும் அதே வருஷம். அரண்மனையில் தண்ணீர் சுமந்து, கழுவித் துடைத்து, எடுபிடி வேலை செய்த பெண்களுக்கு 'முசூரி' என்று பெயர். அத்தையின் கேள்விக்கு நேர்ப்பதில் இவர்கள்தான். யோங்ஜோ அரசனைப் பெற்றவள் முசூரியாக இருந்தவள் என்று ஒரு வழக்கு உண்டு. அவளைத்தான் தொடர் நாயகி ஆக்கியது. சந்தோஷம். ஆனால் சட்டி கழுவுகிறவள் திரைக்குள் வர வேண்டுமானால் ஒரு நிபந்தனை - அவள் அரசனைப் பெற வேண்டும்.

தொப்பியைச் சொல்கிறேன். 2019இல் 'கிங்டம்' உலகமெங்கும் ஓடியபோது வெளிநாட்டுப் பார்வையாளர்கள் முதலில் பேசியது கொரியத் தொப்பிகளைப் பற்றி. குதிரைமயிரில் செய்த அந்தக் கறுப்புத் தொப்பி, 'காத்', எத்தனை வகை, எவ்வளவு அழகு, எவ்வளவு துல்லியம்! நானும் வாயைப் பிளந்தேன். அந்தத் தொப்பியைப் 'பெக்ஜோங்' எனப்பட்ட கசாப்புக்காரச் சாதியார் போடக் கூடாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மூங்கில் தொப்பிதான் அவர்களுக்கு. 1890களின் நடுவில் பாக் சோங் சுன் என்கிற பெக்ஜோங், எங்களையும் அந்தத் தொப்பி போட விடுங்கள் என்று அரசாங்கத்துக்கு மனுப் போட்டுப் போராடினார். 1894இல் சட்டப்படி அடிமைமுறையும் சாதித் தடைகளும் ஒழிந்திருந்தும், தலையில் தொப்பி ஏறுவதற்கு மனு வேண்டியிருந்தது. தோளில் துண்டு போட அடிவாங்கிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் மகன் பாக் சோ யாங் 1908இல் சோலில் மேற்கத்திய மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் அணியில் ஒருவர். 2010இல் வந்த 'ஜேஜுங்வோன்' தொடரின் நாயகனுக்கு அவர் வாழ்க்கைதான் மூலம். 1923இல் ஜிஞ்ஜு நகரில் பெக்ஜோங்குகள் 'ஹியோங்பியோங்சா' என்ற சங்கம் தொடங்கினார்கள். பெயரின் பொருள் தராசுபோலச் சமம். கறி நிறுக்கிற தராசு! தாங்கள் தினமும் கையில் பிடித்த சாமானையே நீதிக்குப் பெயராக வைத்தார்கள்.

'கிங்டம்' நடந்த வரலாறே அல்ல. செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கிறார்கள், அரசன் பெயர்கூடக் கற்பனை. ஆனால் அதில் பசியால் நோயாளிகள் தெரியாமல் மனித மாமிசக் கஞ்சி குடிக்கிறார்கள். கொள்ளைநோய் வந்ததும் அதிகாரிகளும் பிரபுக்களும் இருக்கிற கப்பலில் ஏறி ஓடுகிறார்கள், மக்கள் கரையில் நிற்கிறார்கள். உயர்குடிப் பிணங்களைத் தொடக் கூடாது என்று ஒரு கிழவி மகனின் பிணத்தைப் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றுகிறாள். அந்தப் பெட்டியே கப்பலை அழிக்கிறது. ஒரு தேதிகூடச் சரியில்லாத கதையில் ஜோசனின் வர்க்க ஒழுங்கு எலும்புக்கூடாகத் தெரிகிறது. அரசனின் பெயர் கற்பனை என்பதால் எந்தக் குலச் சங்கமும் புகார் கொடுக்கவில்லை. 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' செய்த ஒரே தப்பு உண்மையான பெயரை வைத்ததுதானோ என்று தோன்றுகிறது.

6

கடைசியாக இரண்டு குறிப்புகள், இரண்டும் சில்லோக்கிலிருந்தே.

1398ஆம் வருஷக் குறிப்பு ஒன்று சந்தை நிலவரம் சொல்கிறது. ஒரு அடிமையின் விலை அதிகம் போனால் 150 சுருள் துணி. ஒரு குதிரையின் விலை 400, 500 சுருள்வரை. விலங்கைப் பெரிதாகவும் மனிதனைச் சிறிதாகவும் மதிப்பது முறையில்லை என்று அதிகாரிகள் வருத்தப்பட்டு, அடிமையின் விலையை உயர்த்தச் சொல்கிறார்கள். விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை.

1592இல் ஜப்பானியப் படை வந்தது. சொன்ஜோ அரசன் தலைநகரைவிட்டு இரவோடு ஓடினான். அப்போது கூட்டம் ஒன்று திரண்டு அடிமைகளின் பதிவேடுகள் இருந்த அலுவலகத்தைக் கொளுத்தியது என்று திருத்திய குறிப்பு சொல்கிறது. அந்தப் போரில் சில்லோக்கின் பிரதிகளும் எரிந்தன. ஜோஞ்ஜுவில் இருந்த ஒரே ஒரு பிரதியை உள்ளூர்க்காரர்கள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். அந்தக் காப்பாற்றல் கொரியாவில் பெருமையாகப் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதுதான். ஆனால் பதிவேட்டைக் கொளுத்தியவர்களை என்ன சொல்வது? சொத்தாக எழுதப்பட்டவனுக்கு ஆவணம் என்பது பெருமை இல்லை, விலங்கு. அதை எரிப்பது அவனுக்கு வரலாற்றை அழிப்பது ஆகாது. அதுவும்கூட நமக்கு எப்படித் தெரிகிறது? ஓடிப்போன அரசனின் வகையறாக்கள் எழுதி வைத்ததிலிருந்து. கொளுத்தியவர்கள் எழுதியது எதுவும் நம் கையில் இல்லை.

ஆகவே தொடர் பார்க்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடையில் பிழை இருந்தால் சொல்லுங்கள், மிளகாயில் பிழை இருந்தால் சொல்லுங்கள். அதில் தப்பில்லை, நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு புகார் எழுந்ததும், அது யாருடைய மானத்துக்காக எழுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடிபட்டவருக்காகவா, அடித்தவருக்காகவா? பதிவில் உள்ளவருக்காகவா, பதிவில் இல்லாதவருக்காகவா? நாம் எழுதுகிற விமர்சனங்களிலும் இதைக் கேட்க வேண்டும். தொடர்களைப் பற்றி எழுதுவதே இழிவு என்று நம் சிறுபத்திரிகைகள் ரொம்ப காலம் ஒதுங்கியிருந்தன. அந்த இடத்தில் குலப் பெருமை பேசுகிறவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

54ஆம் பகுதி முடிந்தபோது அத்தை தூங்கிவிட்டாள். காலையில் எழுந்து, "கடைசியில என்னாச்சுய்யா அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டாள். தப்பிப் போய்க் குடும்பமாக இருக்கிறாள் என்று சொன்னேன். "நல்லது" என்றாள். பிறகு, "அந்தச் சமையக்கட்டுக்கு வேற ஆளு போட்டிருப்பாய்ங்க" என்று சொல்லிவிட்டு, ராத்திரிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நானும் எழுந்து போனேன்.